கைராசிக்காரன்

புடலங்காய் நேராக வளர வேண்டுமென்றால் பிஞ்சாக இருக்கும்போதே அதன் நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கட்டாவிட்டால் அது தன் பாட்டில் சுருண்டுகொண்டு போகும். சுவையில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் சுருண்ட காயைக் கடைக்காரன் வாங்க மாட்டான், கோயிலுக்கும் கொடுக்க முடியாது. கல்லைக் கட்டினால் காய் நீளும், நீண்டால் நிலத்தில் முட்டும். ஆகவே பந்தல் உயரமாக இருக்க வேண்டும். இதை நீங்கள் விளங்கிக்கொண்டால் மற்றது முழுவதும் விளங்கும்.

நான் சொல்வதை இந்தப் பிள்ளை ரிஷானி உங்களுக்கு டொச்சில், அதுதான் உங்கள் ஜெர்மன் பாஷையில், சொல்லும். இங்கேயே பிறந்த பிள்ளை, ஆனாலும் தமிழ் நன்றாக விளங்குகிறது. ஆறுதலாகச் சொல்லட்டும், எனக்கு அவசரம் இல்லை. தவராஜா தோட்டத்தில் செத்தது விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். அது பிழை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் யாரும் கூப்பிடாமல் நானாகப் பொலிசுக்கு வந்திருக்கிறேன்.

என் பெயர் சண்முகலிங்கம். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கம். சுவிஸுக்கு, இந்த ஷாஃப்ஹவுசன் நகரத்துக்கு அகதியாக வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தேன், பென்சன் எடுத்துவிட்டேன். மனைவி கஜலக்சுமி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. என் மேல் இதுவரை ஒரு பார்க்கிங் குற்றம்கூடக் கிடையாது, கணினியில் தட்டிப் பாருங்கள்.

எங்கள் ஆட்களிடம் கைராசி என்று ஒன்று இருக்கிறது. பிள்ளை, இதை டொச்சில் எப்படிச் சொல்வீர் என்று எனக்குத் தெரியவில்லை. சிலருடைய கை தொட்டுத் தொடங்கினால் அந்தக் காரியம் நல்லாய் வரும். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு நல்ல நாளில் முதல் வேலையைச் செய்விப்பார்கள். அதை நாள்வேலை என்போம். எனக்குக் கைராசி இருக்கிறது. நானாகச் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. வின்டர்தூரில் கடை திறந்தால் முதல் காசை நான்தான் கொடுக்க வேண்டும். ஆராவில் ஒருவர் வீடு வாங்கினால் முதல் பால் காய்ச்ச என்னை ரயிலில் வரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் அரிசி போட்ட கலியாணப் பானை ஒன்றும் கரிந்ததில்லை. வேறு என்ன இருந்தது எனக்கு? படிப்பா, காசா, பிள்ளையா? அந்தக் கை ஒன்றுதான் இருந்தது.

இனித் தவராஜாவைப் பற்றி. ரயில் பாதையோரம் மேட்டில் ஒரு சங்கம் துண்டு துண்டாக வாடகைக்கு விடும் குடும்பத் தோட்டங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். மேல் வரிசையில் என் துண்டு, காலையிலிருந்து மாலைவரை வெயில். கீழே வால்நட் மரத்தின் நிழலில் தவராஜாவின் துண்டு. என்னைவிட ஐந்தாறு வயது குறைந்தவர், அண்ணை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். எல்லோரோடும் சிரித்துச் சிரித்துக் கதைப்பார். தோட்டத்தில் இருக்கும் போர்த்துக்கீசக்காரனோடும் சிரிப்பார், சங்கத் தலைவரோடும் சிரிப்பார், செத்த வீட்டிலும் வாசலில் நின்று நாலு பேரைச் சிரிக்கவைப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு வயிறு பற்றி எரியும். நிழலுக்குள் நின்றுகொண்டு ஒரு மனிதன் எப்படி இவ்வளவு சிரிக்க முடியும் என்று யோசித்திருக்கிறேன்.

கஜலக்சுமிக்குப் புற்றுநோய் முற்றிய கோடையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புடலங்காய் வறை மட்டும் கொஞ்சம் சாப்பிட்டாள். பந்தல் நிறையக் காய் தொங்கிய நேரத்தில் தோட்டச் சங்கத்தார் அளவுநாடாவோடு வந்தார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் எதையும் கட்டக்கூடாது என்பது சட்டம். என் பந்தல் இரண்டரை. பல வருடங்களாக அப்படித்தான் நின்றது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கிழமைதான் தவராஜா என்னிடம், "அண்ணை, பந்தல் எவ்வளவு உயரம் வரும்?" என்று கேட்டிருந்தார். பிறகு யார் போய்ச் சொன்னது என்று கண்டுபிடிக்க எனக்குப் பொலிஸ் தேவைப்படவில்லை. பந்தலை நானே அறுத்தேன். காய்கள் மண்ணில் கிடந்தன. தவராஜா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, சட்டம் சட்டம்தானே அண்ணை, மனதை விடாதையுங்கோ என்றார்.

கஜலக்சுமியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியது அவருடைய கார்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. கிழமைக்கு இரண்டு முறை, ஒருநாளும் பிந்தாமல் வந்து நின்றார். பெற்றோல் காசு நீட்டினால் வாங்க மாட்டார். வாங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காசு வாங்காத மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊர் முழுக்கத் தவராஜா தங்கமான மனுசன் என்றது. சாகக் கிடந்தவளின் புருசனான நான், அந்தத் தங்கத்தின் காரில் பின்சீட்டில் இருந்தேன்.

என் துண்டு எனக்கு எப்படி வந்தது என்பதுதான் அடுத்த விசயம். அது முன்பு ஃப்ராவ் ஷ்டாம் என்ற கிழவியிடம் இருந்தது. அவவுக்குக் குனிய முடியாமல் போனபோது நான் புல் பிடுங்கிக் கொடுப்பேன். முதியோர் இல்லத்துக்குப் போகும்போது சங்கத்தில் சொல்லி எனக்கே எழுதித் தந்தா. ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் நின்ற யொஹானிஸ்பேரிச் செடியை, சிவந்த சிறு பழம் கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, அதைக் கிளப்பக்கூடாது. ஏன் என்று கேட்டேன். முதலில் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் ஒருநாள் கேக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சொன்னா.

பெரிய யுத்தம் நடந்த காலத்தில் அவ சின்னப் பிள்ளை. சுவிஸ் யுத்தத்துக்குப் போகவில்லை, ஆனால் சாப்பாடு கூப்பனுக்குத்தான். பாண் ரொட்டியைச் சுட்ட அன்றைக்கு விற்கக்கூடாதாம், பழம்பாணென்றால் சனம் குறைவாகச் சாப்பிடுமாம். விளையாட்டு மைதானம், பூங்கா எல்லாவற்றையும் உழுது உருளைக்கிழங்கு போடச் சொல்லி அரசாங்கம் உத்தரவிட்டது. அந்த ரயில் பாதையோரம் அவவின் தகப்பனுக்குக் கிடைத்தது. அப்படியிருக்க ஏப்ரல் முதலாம் தேதி அமெரிக்காக்காரனின் பொம்பர் விமானங்கள் வந்தன. வெயிலில் வெள்ளியாய் மினுங்கினவாம். நாங்கள் நடுநிலை நாடு, எங்களுக்கு என்ன என்று சனம் பதுங்காமல் வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தது. ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பது எல்லாம் ஜெர்மனி என்று அமெரிக்காக்காரன் நினைத்துவிட்டான். நாற்பது பேர் செத்தார்கள். இதெல்லாம் உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

படிக்காதது இதுதான். ஒரு குண்டு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குள் விழுந்தது, வெடிக்கவில்லை. ஈரமண்ணுக்குள் ஊசி போல இறங்கிவிட்டது. நகரம் எரிந்துகொண்டிருக்கும்போது எரியாததை யார் தேடுகிறார்கள்? தகப்பன் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் இராணுவம் முள்ளுக்கம்பி அடித்துத் தோட்டத்தை மூடிவிடும், நாலு பிள்ளைகளுக்கும் அந்த வருடக் கிழங்கு இல்லை. ஓட்டையை மண் போட்டு மூடி மேலே அந்தச் செடியை நட்டார். பிறகு தோட்டத்தைப் படிக்கட்டாகத் திருத்தியபோது மேல்மண்ணை நிறைய வழித்துவிட்டார்கள், அப்போதும் மனிதர் மூச்சு விடவில்லை, செடியை மட்டும் அதே இடத்தில் திரும்ப நட்டார். சாகும்போது மகளுக்குச் சொன்னார். மகளும் எண்பது வயது தாண்டும்வரை அதைச் சுற்றி வெங்காயம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. எனக்குச் சொல்லிவிட்டு அந்த மாரிக் குளிரிலேயே செத்துப்போனா. ஒரு குடும்பமே கிழங்குக்காக வாய் பொத்தி இருந்திருக்கிறது. அவர்களை நீங்கள் ஒருநாளும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கிழவியின் கதை என்று நான் விட்டுவிடவில்லை. மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துச் செடியின் அடியில் சாய்வாக, மெதுவாக இறக்கிப் பார்த்தேன். இடுப்பளவு ஆழத்தில் தட்டுப்பட்டது. கொஞ்சம் தள்ளி இறக்கினேன், அங்கேயும் தட்டி வழுக்கியது. உருண்டையான இரும்பில் கம்பி எப்படி வழுக்கும் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறில் எங்கள் வாழைத்தோட்டத்திலும் ஒன்று வெடிக்காமல் கிடந்தது. அதைக் கல் என்று நினைத்துக் கிண்டிய மனிதரின் செருப்பு ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்தது.

அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது சித்திரை மாதம், நாற்றுக் கண்டு நடுகிற நேரம். நீங்கள் வந்தால் மேட்டைப் பூட்டுவீர்கள், கோடை முழுக்கப் போகும். பந்தலும் இல்லாமல், மனைவியும் இல்லாமல், பயிரும் இல்லாமல் நான் என்ன செய்வது? ஒரு வருடம் பொறுப்போம், பிறகு சொல்வோம் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் தவராஜாவைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. இது சத்தியம்.

அடுத்த ஏப்ரலில் குண்டு விழுந்த நாளை நினைவுகூரும் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். என் செடிக்குக் கீழே படுத்திருப்பவரின் உறவினர் யாரும் வந்திருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அமெரிக்கப் பெண் வந்திருந்தார், என் வயதுதான். அவருடைய தாய் யுத்தகாலத்தில் அங்கே குண்டுக்கு மருந்து நிரப்பும் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். கை, முகம் எல்லாம் மஞ்சளாகிவிடுமாம். சீனிக்குக் கூப்பன், காலில் போடும் சப்பாத்துக்குக் கூப்பன். வீட்டில் பொரித்த கொழுப்பைக்கூட வீசாமல் தகரத்தில் சேர்த்து இறைச்சிக்கடையில் கொடுப்பார்களாம், அதிலிருந்தும் வெடிமருந்துக்குச் சாமான் எடுப்பார்களாம். சமையலறையில் வேலை செய்தவன் என்ற முறையில் அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு துளியும் வீணாக்காத பெண்கள்.

எனக்குத் தெரிந்த இங்கிலிஷில், வெடிக்காமல் போனவை பற்றி உங்கள் தாய் ஏதாவது சொல்வாரா என்று கேட்டேன். தன் தாயின் தம்பி சண்டையில் இருந்தான், வெடிக்காத ஒவ்வொரு குண்டும் அவனை ஒரு நாள் பிந்தி வீட்டுக்கு அனுப்பும் என்று நினைத்தே தாய் நிரப்பினார் என்றார். பிழையாகிப்போன குண்டு ஒன்றுகூடத் தன் கையால் போயிருக்கக்கூடாது என்று ஞாயிறு தோறும் கும்பிடுவாராம். சொல்லிவிட்டு அழுதார். தாய் நிரப்பியது இந்த ஊரில் விழுந்ததோ என்று தெரியாது, ஆனாலும் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றார். நான் ஆறுதல் சொன்னேன். உங்கள் தாய் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார், அதில் என்ன பிழை என்று சொன்னேன். தோட்டத்துக்குத் திரும்பி வரும் வழியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்தப் பெண்ணைக் கண்டிராவிட்டால் வந்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

யோசனை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. துண்டை மாற்றிக்கொள்வது. என் இடுப்பு நாரி நோகிறது, மேட்டுக்கு ஏற முடியவில்லை, தம்பிக்கு வெயில் துண்டு என்றால் ஆசைதானே, எடுக்கட்டும், நான் நிழலுக்குப் போகிறேன் என்று இலையுதிர்காலத்தில் சங்கத்தில் சொன்னேன். தவராஜாவின் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பூசை முடிந்ததும் ஆட்கள் வந்து என் தோளைத் தட்டினார்கள். பழைய கோபத்தை விட்டுவிட்டியள், பெரிய மனசு அண்ணை உங்களுக்கு என்றார்கள். எனக்கும் உண்மையிலேயே மனம் லேசாக இருந்தது. கொடுப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

போகும் முன் யொஹானிஸ்பேரிச் செடியை நான் கிளப்பினேன். வேர் கையோடு வந்தது. இடத்தைச் சுத்தமாகக் கொத்திச் சமப்படுத்திக் கொடுத்தேன். அசுத்தமான தோட்டத்தை ஒருவரிடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

மாரி முழுக்க நான் வால்நட் மரத்தின் கீழ் இலை கூட்டிக்கொண்டு இருந்தேன். சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பு தவராஜாவும் அவருடைய மனைவி பரமேஸ்வரியும் வெற்றிலை, பழம், வேட்டி எல்லாம் தட்டில் வைத்து என் வீட்டுக்கு வந்தார்கள். பந்தலுக்கு நாள்வேலை நான்தான் செய்து வைக்க வேண்டுமாம். பரமேஸ்வரி சொன்னார், "உங்கடை கைபட்ட நிலம் அண்ணை. முதல் குத்தும் நீங்கள்தான் குத்தவேணும்." நான் எதிர்பார்க்கவில்லை. மாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் கைராசிக்காரன் கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் விட்டால் அது அந்த வீட்டுக்கு ஆகாது. நான் அப்படி ஒருவருக்கும் செய்ததில்லை.

வருடப்பிறப்பன்று போனேன். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கிழக்குப் பார்த்து நின்றேன். நாலு மூலைக்கால்களும் நடுக்கால் ஒன்றும் நிற்க வேண்டிய இடங்களில் முளை அடித்துக் கொடுத்தேன். நடுக்கால்தான் பந்தலின் பாரம் தாங்குவது. அதற்கு ஆழம் வேண்டும். அந்த முளையைச் செடி நின்ற இடத்தில் அடித்தேன். பரமேஸ்வரி வாழையிலையில் பொங்கல் தந்தார், முந்திரிகைப் பருப்பு நிறையப் போட்டிருந்தார். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அலவாங்கு என்னுடையது. அது ஆளுயர இரும்புக் கம்பி, ஒரு முனை கூர். வின்டர்தூரில் இரும்பு வேலை செய்யும் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தது. இங்கே சுவிஸ்காரர் மண்வெட்டியால் கிண்டுவார்கள், ஏதாவது தெரிந்தால் நிறுத்திக் குனிந்து பார்ப்பார்கள். நாங்கள் அப்படி இல்லை. எங்கள் ஊரில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினாலும், வேலிக்குக் கதியால் தடி நட்டாலும், கல்லோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும். அலவாங்கைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுவோம். முட்டினால் கல், கல் என்றால் இன்னும் ஓங்கிப் போடு. சின்ன வயதிலிருந்து கை அதைத்தான் படித்திருக்கிறது. தவராஜா இங்கே எத்தனை வருடம் இருந்தாலும் அவருடைய கை யாழ்ப்பாணத்துக் கை. அலவாங்கைத் துடைத்து எண்ணெய் பூசி அவரிடம் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் குழி போட்டார். பரமேஸ்வரி என் வீட்டுக்குக் கத்தரிக் கண்டு வாங்க வந்திருந்தார். யன்னலோரம் தட்டில் வளர்த்த கண்டுகள், வடிவாக வந்திருந்தன. தேத்தண்ணி கொடுத்தேன். கண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சத்தம் கேட்டது. கண்ணாடிகள் அதிர்ந்தன. தவராஜா செத்துவிட்டார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். இராணுவத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள், அமெரிக்கக் குண்டு என்றார்கள். பத்திரிகையில் போட்டார்கள். மேட்டு வேலியில் சுவிஸ்காரர்கூடப் பூக் கட்டினார்கள். எண்பது வருடத்துக்குப் பிறகு கடைசி ஆள் என்று எழுதினார்கள், பெயரையும் பிழையாக எழுதினார்கள். ஒரு யுத்தத்துக்குத் தப்பி வந்த மனிதரை இன்னொரு யுத்தம் பிடித்தது என்று யாரோ ஒருவர் பேசினார். கேட்டவர்கள் அழுதார்கள். நான் அழவில்லை, ஆனால் நல்ல பேச்சு.

செத்தவீட்டில் சங்கத் தலைவர் என்னோடு கொஞ்சம் கதைத்தார். பந்தல் விசயம் அவருக்கு நெடுநாளாக மனதில் கிடந்ததாம். முறைப்பாடு ஒருவரும் செய்யவில்லையாம், சுற்றிப் பார்க்க வந்தபோது தாமே கண்டு அளந்ததாம். தவராஜாதான் இரண்டு முறை அவருடைய வீட்டுக்குப் போய், அந்த மனுசனின் பெண்சாதி சாகக் கிடக்கிறா, இந்தப் பருவம் முடியும்வரை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாராம். அதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டாராம். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. என் மனைவியின் நோய் வருத்தத்தைக் கொண்டுபோய் அந்நியனிடம் பிச்சை கேட்கச் சொல்லி யார் அவருக்குச் சொன்னது? நான் சொன்னேனா? பார்த்தீர்களா, அந்த மனிதர் எப்போதும் அப்படித்தான்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் அது இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவர்கள் வீட்டில் இருந்தபோது அடுக்களையில் பெண்கள் கதைத்தது காதில் விழுந்தது. நாள்வேலை செய்தது சண்முகலிங்கம் அண்ணையாம், முதல் குத்துக் குத்தின இடத்திலேயே வெடிச்சுப்போட்டுதாம். மனுசி செத்ததோடை அந்தக் கையிலை ராசி போயிட்டுது என்றாள் ஒருத்தி. அடுத்த கிழமை வின்டர்தூரில் கடை திறந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை. ஆராவில் கலியாணம், அரிசி போட வேறு ஆளைக் கூப்பிட்டார்கள், அவனுக்குப் பானையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. கோயிலில் என்னைக் கண்டால் பிள்ளைத்தாய்ச்சிகள் விலகி நிற்கிறார்கள்.

இதை என்னால் பொறுக்க முடியாது. விபத்து என்று நீங்கள் எழுதியதால் வந்த வினை. விபத்து என்றால் என்ன பொருள்? நல்லது நினைத்துக் குத்தினேன், கெட்டது வந்தது, ஆகவே கை சரியில்லை என்று பொருள். என் கையில் ஒரு பிழையும் இல்லை. எதை நினைத்துக் குத்தினேனோ அதுவே நடந்தது. ஒருநாளும் பிழைக்காத கை அன்றைக்கும் பிழைக்கவில்லை. இதை நீங்கள் எழுத வேண்டும், எங்கள் ஆட்களுக்கு விளங்கும்படி எழுத வேண்டும்.

சொல்லாமல் விட்டது குற்றம்தான், ஆனால் கொலை என்று எப்படிச் சொல்வது, அவர் வேறு இடத்தில் கிண்டியிருக்கலாமே, இரும்பைக் கண்டு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவர் நிறுத்தினார்.

சனிக்கிழமை குழியடியில் இருந்து எனக்கு ரெலிபோன் எடுத்தார். "அண்ணை, நடுக்குழியிலை அலவாங்கு முட்டுது. சத்தம் ஒரு மாதிரிக் கிடக்கு, கல்லு மாதிரி இல்லை. இந்த மண்ணுக்கை கல்லு எங்கை? பேசாமல் ஒரு முழம் தள்ளிக் கிண்டட்டோ?"

நான் என்ன சொன்னேன் என்பதைப் பிள்ளை சொல்லுக்குச் சொல் எழுதட்டும். "கல்லுத்தான் தம்பி. நான் நாள்பாத்துக் குத்தின இடம், தள்ளிக் கிண்டினால் சரிவராது. ரெண்டு தரம் ஓங்கிப் போடும், உடையும்."

அவர் சிரித்தார். அதே சிரிப்பு. "நீங்கள் சொன்னால் சரி அண்ணை" என்றார்.

பிறகு கேட்டேன், பரமேஸ்வரி பக்கத்தில் நிற்கிறாரா என்று. ஓம், மண் அள்ளுகிறா என்றார். அவவை உடனே இஞ்சை அனுப்பும், கத்தரிக் கண்டு எடுத்து வைத்திருக்கிறேன், வெயில் ஏறினால் வாடிவிடும் என்றேன். பின்னேரம் இரண்டு பேருமாக வாறம் என்றார். இல்லை, இப்பவே அனுப்பும், அவ வந்து சேருமட்டும் நீர் கொஞ்சம் இளைப்பாறும், பிறகு போடும் என்றேன். நான் சொன்னபடியே செய்திருக்கிறார். பரமேஸ்வரி வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை சத்தம் கேட்கவில்லை. கேட்டதும் எழும்பி ஓடப் பார்த்தார். இன்னொன்று கிடந்து வெடித்தாலும் என்று நான் கையைப் பிடித்து நிறுத்திவைத்தேன்.

அவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாரென்றால் அது என்னால். நீங்கள் அவரிடம் போய்ச் சொல்லும்போது இதை முதலில் சொல்லுங்கள். பரமேஸ்வரி நன்றி மறக்கிற பெண் இல்லை.